ஆறு நிமிடமும் பார்த்தவள்

குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்தொன்று. அதனால் குரு சீடரை ‘சார்’ என்றும், சீடர் குருவை ‘மேடம்’ என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். இதில் இரண்டு பேருக்கும் எந்த வருத்தமும் இல்லை.

குருவின் பெயர் ரெஹானா. ஊருக்கு நடுவே நிற்கும் பெரிய திரைகளுக்குப் படம் செய்வது அவர் வேலை. விளம்பரம் இல்லை. நாலு மாடி உயரத்தில், சத்தம் எதுவும் இல்லாமல், போகிறவர் வருகிறவர் பார்க்கும் படம். சீடர் தேவசகாயம் இருபத்திரண்டு வருடம் டிவி தொடர்களுக்கு எடிட்டராக இருந்தவர். மாமியார்களின் முகத்தை மும்மூன்று முறை வெட்டி ஒட்டி அலுத்துப்போய், இந்தத் தொழிலைக் கற்க வந்திருந்தார்.

முதல் நாளே ரெஹானா ஒன்று சொன்னார். எடிட்டிங்கில் உட்காரும் முன் ஒரு வாரம் திரை இருக்கும் இடத்தைச் சுற்றி வாருங்கள், எதிரே இருக்கிற வீடுகளுக்கும் போய் வாருங்கள் என்றார். தேவசகாயம் தலையாட்டினார். நீள அகலம்தான் காகிதத்தில் இருக்கிறதே, வீடு வீடாக ஏற நான் என்ன மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கா வந்திருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, போகாமலே இருந்துவிட்டார்.

அவருடைய முதல் படத்தில் கடலில் புயல் வரும். ஆறு நிமிடம். நூறடி ரோட்டுச் சிக்னலில் பத்து நாளைக்கு, சாயங்காலம் ஆறிலிருந்து பத்து மணிவரை, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஆறு மாத உழைப்பு. இது தேறாவிட்டால் பேசாமல் பழைய மாமியார்களிடமே போய்ச் சேருங்கள் என்று வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

முதல் நாலு நாளும் அவர் நடைபாதையில் நின்று ஜனங்களைப் பார்த்தார். சிவப்பு விழுந்தால் தலைகள் நிமிரும். பச்சை விழுந்தால் போய்விடும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பஸ் வந்ததும் ஏறிவிடுவார்கள். ஒருவர் மட்டும் மூன்று நிமிடம் பார்த்தார். தேவசகாயத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பெரிய மின்னல் வரப்போகிற நேரத்தில் அந்த மனிதருக்குப் போன் வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் ரெஹானாவிடம் போய் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

“மேடம், இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளாவது என் படத்தை முதல்ல இருந்து கடைசிவரை பாக்குறாங்களா?”

“பாக்குறாங்க சார்.”

“யாரு?”

“சாயங்காலம் வாங்க. கூட்டிட்டுப் போறேன்.”

தேவசகாயம் வீட்டுக்குப் போய் நல்ல சட்டையாக மாற்றி, சென்ட்டும் போட்டுக்கொண்டு வந்தார். ஓவியராக இருக்குமோ, பத்திரிகைக்காரராக இருக்குமோ என்று வழியெல்லாம் அதே யோசனை. ரெஹானா அவரைத் திரைக்கு நேர் எதிரே இருந்த பழைய குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு அழைத்துப்போனார்.

கதவைத் திறந்தவள் பெயர் கௌசல்யா. ரெஹானாவை முன்பே தெரியும். கூட வந்தவரை, தன்னோடு வேலை செய்கிறவர் என்று மட்டும் ரெஹானா சொல்லிவைத்தார். ஒற்றை அறை வீடு. ஜன்னலில் பாதிவரைக்கும் ஒரு போர்வை கட்டியிருந்தது. முழுக்க மூடினால் காற்று வராது. கௌசல்யா தன் நிழல் குழந்தைமேல் விழட்டும் என்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நீட்டிய காலில் அவனைப் போட்டுக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டத் தொடங்கினாள்.

எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறமாக வந்தது, நீலமாக மாறியது. சுவரோரப் பாத்திர அலமாரி இருட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தேவசகாயத்துக்கு அது தன் படம் என்று உறைத்தது.

கௌசல்யா ஸ்பூனைக் கீழே வைத்தாள். ரெஹானாவோடு பேசிக்கொண்டே உள்ளங்கையைக் குழந்தையின் கண்மேல் கவித்தாள். மறு நொடி சுவரில் வெள்ளை வெளேரென்று நாலு முறை மின்னல் வெட்டியது. கையை எடுத்தாள், ஸ்பூனை எடுத்தாள். சிறிது நேரத்தில் மறுபடி கை போனது, மறுபடி வெட்டியது. அவள் கை ஒரு தடவைகூடப் பிந்தவில்லை. எடிட்டிங் அறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தும் தேவசகாயம் அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை.

“இன்னும் ஒரு பெரிய வெட்டு இருக்குக்கா. அப்புறம் கொஞ்ச நேரம் கறுப்பா இருக்கும். அந்தக் கறுப்புலதான் இவனுக்குக் கண்ணு சொக்கும், அதுக்குள்ள திரும்ப ஆரம்பிச்சிடுது. பத்து மணிவரைக்கும் இதே பொழப்பு. என்ன விளம்பரமோ தெரியல, ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல.”

டீ போட்டுக் கொடுத்தாள். தேவசகாயம் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவமானத்தைவிட அந்தக் குழந்தைதான் அவரை அதிகம் வருத்தியது.

தேவசகாயம் மூன்று மாடியும் விறுவிறுவென்று இறங்கினார். கீழே வந்ததும், இப்போதே போன் பண்ணிப் படத்தை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

“முழுசா ஒருத்தர் பாக்குறாங்கன்னு சொன்னீங்களே மேடம். அந்தப் பொண்ணு என் படத்தைப் பாக்கவே இல்லையே.”

“அவங்க கை எந்தெந்த நொடியில போச்சுன்னு குறிச்சுக்கிட்டீங்களா சார்?”