கொக்கு கால் மாற்றும் நேரம்

செங்கோரை ஏரியில் பூவாயி என்று ஒரு கானாங்கோழி இருந்தாள். கானாங்கோழி என்றாலே கூச்சம். அதிலும் பூவாயிக்குக் கூச்சம் கொஞ்சம் கூடுதல். எதிரே ஒரு தவளை வந்தால்கூட கோரைக்குள் ஒதுங்கி வழி விட்டுவிடுவாள்.

அது பெரிய ஏரி. நீந்தத் தெரிந்தவர்கள்கூட மூட்டை முடிச்சு இருந்தால் படகில்தான் போவார்கள். நடு ஏரியில் ஒரு திட்டு. திட்டின் ஓரத்தில் ஒரு கம்பம். அந்தக் கம்பத்தில்தான் காவல் படகு கட்டியிருக்கும். அதில் கீரி ஏட்டையா உட்கார்ந்திருப்பார். படகின் முனையில் கான்ஸ்டபிள் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும்.

கம்பத்தில் ஒரு பலகை தொங்கியது. ஆனைமேட்டு யானை போட்ட சட்டம் அதில் மூன்று வரியாக எழுதியிருந்தது. தினமும் நூறு படகு அதைத் தாண்டிப் போகும். ஒருவரும் படித்ததில்லை.

பூவாயி படித்திருந்தாள். அவளுடைய கூடு கம்பத்துக்கு நேர் எதிரே இருந்தது. முட்டைமேல் உட்கார்ந்துவிட்டால் வேறு எங்கே போக முடியும்? எதைத்தான் பார்க்க முடியும்? அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். முதல் வரிக்கு மூன்று நாள் ஆயிற்று. மூன்றாவது வரி முடியும்போது முட்டைக்கு வயது பதினைந்து நாள்.

திறந்து கிடப்பதைக் காவலர் பார்க்கலாம். இது முதல் வரி.

மூடி வைத்ததைத் திறக்க யானையின் உத்தரவு வேண்டும், இல்லாவிட்டால் படகுக்காரரே உள்ளே அழைக்க வேண்டும். இது இரண்டாவது.

ஒரு படகைக் கொக்கு கால் மாற்றும் வரைதான் நிறுத்தி வைக்கலாம். இது மூன்றாவது.

பதினெட்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. ஏரி ஒரு சாண் ஏறியது. பலகையின் மூன்றாவது வரி தண்ணீருக்குள் போய்விட்டது. பூவாயியின் கூடும் நனைய ஆரம்பித்தது.

அவள் புருஷன் மேலக்கரையில் மேடான இடமாகப் பார்த்துப் புதுக்கூடு கட்டப் போனான். பூவாயி நான்கு முட்டைகளையும் படகின் அடிப்பெட்டிக்குள் வைத்தாள். சுற்றிலும் காய்ந்த கோரையைத் திணித்தாள். மேலே பலகையைப் போட்டு மூடினாள். இன்னும் ஒரு நாளில் குஞ்சு பொரிக்க வேண்டிய முட்டைகள். கோரையின் சூடு மேலக்கரை போய்ச் சேரும் வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

துடுப்பைப் போட்டுத் திட்டைச் சுற்றி வந்தாள். காவல் படகு முன்னால் ஏற்கெனவே ஒரு படகு நின்றுகொண்டிருந்தது. அது வாத்து வேலாயுதத்தின் படகு.

வேலாயுதம் நல்ல வாத்து. வாயும் பெரிது, மனசும் பெரிது. ஏட்டையா படகோரம் வந்த உடனே அது சிறகை விரித்தது.

"வாங்க ஏட்டையா, வாங்க! நம்ம படகுல மறைக்கிறதுக்கு என்ன இருக்கு!"

ஏட்டையா சிரித்தார். "யாரோ ஏரியில நஞ்சுக் காய் அரைச்சுக் கலக்குறாங்க வேலாயுதம். மீனெல்லாம் மயங்கி மிதக்குது. அதான் ஒரு பார்வை பாத்துடலாம்னு." பிறகு கொக்கின் பக்கம் திரும்பி, "வாங்கன்னு கூப்பிட்டார். எழுதிக்கோ" என்றார்.

கொக்கு எழுதிக்கொண்டது.

அப்புறம் நடந்தது பார்வை மாதிரி தெரியவில்லை. ஏட்டையா மூட்டைகளை அவிழ்த்தார். நெல்லைக் கொட்டினார். ஒரு மூட்டை சரிந்து ஏரிக்குள் விழுந்தது. வாத்தின் மனைவி சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகள் ஒரு பானையில் இருந்தன. பானையோடு எடுத்துத் தன் படகில் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்குங்க?" என்றது வாத்து.

"சோதனைக்கு. நஞ்சு கலந்திருக்கான்னு பாக்கணும்."

அந்த ஏரியில் சோதனைக்குப் போன முட்டை எதுவும் திரும்பி வந்ததில்லை. ஏட்டையாவின் மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். சொன்னதில்லை.

"என் மூட்டைய யாரு எடுத்துக் குடுப்பா?"

"என்னையா கேக்குற? வாங்கன்னு நீதானே கூப்பிட்ட?"

இவ்வளவு நேரமும் கொக்கு ஒற்றைக் காலில்தான் நின்றது. அதன் முட்டி ஆடியது. மற்றக் காலை மெல்ல இறக்கப் பார்த்தது. ஏட்டையா திரும்பாமலே, "மாத்தாத" என்றார். கொக்கு காலை மறுபடி மடக்கிக்கொண்டது.

பூவாயி இதைப் பார்த்தாள்.

வாத்து துடுப்பை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போகும்போது தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

"என்னண்ணே இப்படி ஆயிருச்சு?" என்றாள் பூவாயி.

"என்ன பண்ணச் சொல்ற பூவாயி? வீடு தேடி வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம இருந்தா நாக்கு கூசுதே. எங்கம்மா அப்படி வளத்துட்டா."

பூவாயிக்கும் அதே வளர்ப்புதான். காவல் படகு தன் படகை உரசியதும் அந்த வார்த்தை தானாகவே தொண்டைக்கு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டாள். அடிப்பெட்டியின் பலகைமேல் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, எங்க பயணம்?" என்றார் ஏட்டையா.

"மேலக்கரைக்குங்க."

"மிதவை இருக்கா?"

அவள் இரண்டு சுரைக்குடுவைகளைக் காட்டினாள். துடுப்பைக் காட்டினாள். தண்ணீர் இறைக்கும் கொட்டாங்குச்சியையும் தூக்கிக் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. ஏட்டையாவின் கண் அவற்றில் நிற்கவில்லை. மூக்கு இரண்டு தடவை அசைந்தது. பார்வை அவள் உட்கார்ந்திருந்த பலகைக்கு வந்தது.

"அடியில என்னம்மா?"

"என்னோடதுங்க."

"அதான், என்னதுன்னு கேட்டேன்."

பூவாயி சிறகைப் பலகைமேல் ஊன்றிக்கொண்டாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. உண்மையைச் சொல்ல அவசியமும் இல்லை.

ஏட்டையா குரலை மாற்றிக்கொண்டார். "சரி, வெயில்ல வந்திருக்கோம். ஒரு வாய் தண்ணி குடுப்பியா? உன் படகுல உக்காந்து குடிச்சிட்டுப் போறோம்."

தாகம் என்று வந்தவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பூவாயிக்கு முகமெல்லாம் சூடாயிற்று. தாமரை இலை ஒன்றை மடித்து, குடத்துத் தண்ணீரை அதில் ஊற்றினாள்.

"அங்கயே இருங்க ஏட்டையா. நான் கொண்டாந்து தர்றேன்."

படகு ஓரத்தில் நின்று இரண்டு சிறகாலும் நீட்டினாள். ஏட்டையா வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. குடித்தார். பூவாயி இன்னொரு இலை மடித்துக் கொக்குக்கும் கொடுத்தாள். கொக்கு அதைச் சற்று நேரம் பார்த்தது. இத்தனை வருஷ வேலையில் படகுக்காரர்கள் ஏட்டையாவுக்குக் கொடுத்ததுண்டு. கொக்குக்கு யாரும் கொடுத்ததில்லை.

"இப்ப பலகையத் தூக்கிப் பாக்கலாமாம்மா?" என்றார் ஏட்டையா.

பூவாயி அவருடைய படகை ஒரு பார்வை பார்த்தாள். யானை உத்தரவு போட்டால் ஈரக் களிமண்ணில் காலை வைத்துக் கொடுக்கும். அந்தக் களிமண் தட்டு படகில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஏட்டையாவின் படகில் வாத்தின் பானையைத் தவிர ஒன்றும் இல்லை. உத்தரவு இருந்தால் இவர் எதற்கு என்னைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"எனக்குச் சம்மதம் இல்லைங்க" என்றாள். குரல் கொசுவின் குரல் அளவுதான் இருந்தது.

"என்னது?"

"சம்மதம் இல்லைங்க. உத்தரவு இருந்தா காட்டுங்க. நானே தூக்கிக் காட்டுறேன்."

ஏட்டையாவின் வால் தடித்தது. "மறைக்க ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு இந்தப் பிடிவாதம்? உள்ள நஞ்சுக் காய் இருக்குன்னு நான் நினைச்சுக்கலாமா?"

"நீங்க நினைக்கிறத நான் தடுக்க முடியுங்களா? நான் எதையும் மறைக்கலை. மூடி வச்சிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லைங்க. எல்லாரும்தான் கதவு வச்சு வீடு கட்டுறாங்க."

கொக்கு தொண்டையைச் செருமிக்கொண்டது.

ஏட்டையா கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "நல்லது. உன் இஷ்டம். நானும் பலகையத் தொடல. நீயும் போகாத. இங்கயே நில்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பலகையின் அடியில் கையை, அதாவது சிறகை, நுழைத்துப் பார்த்தாள். கோரையின் சூடு குறைந்திருந்தது. அவர் பார்க்கிறாரே என்று உடனே எடுத்துக்கொண்டாள். ஓடிப்போகலாமா என்று நினைத்தாள். ஓடினால் துரத்துவார். துரத்திப் பிடித்தால் பலகை அவர் கைக்குப் போய்விடும். கத்தலாமா? கத்தினால் கான்ஸ்டபிள் அதையும் எழுதிக்கொள்ளும். மடியில் கைவைத்த மாதிரி சிறகை மடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. கொக்கின் முட்டி மறுபடி ஆடத் தொடங்கியது.

"ஏட்டையா" என்றாள் பூவாயி. "கொக்கு கால் மாத்துற வரைக்கும்தான் நிறுத்தலாம்னு சட்டம் இருக்குதுங்க."

"எங்க இருக்கு?"

"பலகையில மூணாவது வரி."

ஏட்டையா கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "மூணாவது வரியா! எண்ணிப் பாரும்மா. ரெண்டு வரிதான் இருக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு வாய் மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

பூவாயிக்கு அது சுட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பது உண்மைதானே. அதனால் அதை விட்டுவிட்டுக் கொக்கைப் பார்த்துக் கேட்டாள்.

"கொக்கண்ணே, நீங்க படிச்சவங்க. மூணாவது வரி இருக்குதா, இல்லையா?"

ஏட்டையா கொக்கை முறைத்தார். கொக்கு ஏட்டையாவைப் பார்த்தது. பிறகு கம்பத்துப் பலகையைப் பார்த்தது. அது பொய்யை எழுதிப் பழகாத பறவை. நடந்ததை மட்டும் எழுதும். நடக்காததை எழுதச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இருக்குங்க" என்றது.

"நீ எப்பய்யா பாத்த?"

"தினமும் பாக்குறேங்க. இப்ப தண்ணிக்குள்ள போயிருந்தாலும், மீன் பிடிக்கத் தலைய உள்ள விடும்போது கண்ணுக்கு நேரா அதான் இருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"அந்தம்மா சொன்னதுதான் எழுதியிருக்கு."

ஏட்டையா மெதுவாக, "மாத்தாத" என்றார்.

"வலிக்குதுங்க ஏட்டையா" என்றது கொக்கு. மடக்கியிருந்த காலை இறக்கிப் படகின் விளிம்பில் ஊன்றியது. நின்ற காலைத் தூக்கி ஒரு உதறு உதறி மடக்கிக்கொண்டது. அப்புறம் குறிப்பேட்டை எடுத்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதியது. "கானாங்கோழி பூவாயி. மிதவை சரி. உள்ளே அழைக்கவில்லை. உத்தரவு இல்லை. கால் மாற்றியாயிற்று."

"அப்ப நான் போகலாமுங்களா?" என்றாள் பூவாயி.

ஏட்டையா கையில் இருந்த தாமரை இலையைக் கசக்கிக்கொண்டிருந்தார். கொக்குதான் இரண்டு படகையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டது.

பூவாயி திரும்பிப் பார்க்காமல் துடுப்புப் போட்டாள். காவல் படகு கண்ணுக்கு மறைந்ததும் பலகையைத் தூக்கினாள். முட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன. மார்பால் அணைத்துக்கொண்டு, ஒரு காலால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு மீதி தூரத்தைக் கடந்தாள். மறுநாள் காலையில் மேலக்கரையில் நான்கு கறுப்புக் குஞ்சுகள் தாயின் பின்னால் ஓடின.

வாத்து வேலாயுதத்துக்குச் செய்தி எட்டியது. வாயும் பெரிது என்று சொன்னேன் அல்லவா? இரண்டே நாளில் ஏரி முழுக்கப் பரவிவிட்டது. அந்த வாரம் ஏட்டையா எந்தப் படகை நிறுத்தினாலும், "அங்கயே இருங்க ஏட்டையா, தண்ணி கொண்டாறோம்" என்றார்கள். ஒரே நாளில் பதினோரு இலைத் தண்ணீர் குடித்தார்.

வேறு வழியில்லாமல் அவர் ஆனைமேட்டுக்குப் போனார். "யார் மேல சந்தேகம்? எதனால சந்தேகம்?" என்று கேட்டது யானை. அதுவரை ஏட்டையா எதையும் கவனித்ததே இல்லை. திரும்பி வந்து கவனிக்க ஆரம்பித்தார். உடும்பின் படகு போன பாதையில் மட்டும் தினமும் மீன்கள் மயங்கி மிதந்தன. அதைச் சொன்னதும் யானை களிமண்ணில் கால் வைத்துக் கொடுத்தது. உத்தரவோடு போய்ப் பலகையைத் தூக்கினார்கள். உள்ளே ஒரு கூடை நஞ்சுக் காய் இருந்தது. படகையும் உடும்பையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு பலகையில் மூன்று வரிகளும் தெரிந்தன. இப்போது படகுக்காரர்கள் அங்கே வந்ததும் துடுப்பை நிறுத்தி, ஒருமுறை படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

உன் உரிமை இன்னதென்று உனக்குத் தெரிந்திருந்தால், அதிகாரியே வந்து கேட்டாலும் சண்டை போடாமல், ஓடாமல், பொய் சொல்லாமல், மெல்லிய குரலில் "சம்மதம் இல்லை" என்று சொன்னாலே போதும்.