கடைசியில் வரும் சொல்

ஒரே ஒரு ஊரிலே, ராஜாக்கள் எல்லாம் பாடப்புத்தகத்துக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்ட காலத்திலே, ரயில்வே கேட்டை ஒட்டி ஒரு டயர் கடை இருந்ததாம். டயர் கடைக்கு மேலே ஒரு மாடி. மாடியிலே ஒரு டியூஷன். அந்த டியூஷனுக்கு ஒரு குரு.

குரு என்றதும் தாடியை நினைத்துவிட வேண்டாம். நவநீதனுக்கு மீசையே இப்போதுதான் ஒழுங்காக முளைத்திருந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கும், டாக்டர் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் அவன் பாடம் எடுத்தான். அதிகம் பேசமாட்டான். பேசினாலும் கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் ஓயட்டும் என்று காத்திருந்துதான் பேசுவான்.

அவனுடைய சிஷ்யர்களில் ஒருத்தி அவனைவிட மூத்தவள். பெயர் ஜெபமலர். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் அவனை ‘சார்’ என்பாள். அவன் அவளை ‘அக்கா’ என்பான். பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்கு அவள் ‘சிஸ்டர்’.

வார்டில் ஜெபமலருக்கு இருந்த வேகம் வேறு யாருக்கும் கிடையாது. “சிஸ்டர், எனக்கு…” என்று நோயாளி வாயைத் திறக்கும்போதே தலையணையை நிமிர்த்தி வைத்திருப்பாள், தண்ணீரை ஊற்றி நீட்டியிருப்பாள். “சொல்றதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சது?” என்று அவர்கள் அசந்துபோவார்கள். அதிலே அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் எவ்வளவு ஓடினாலும் ஓரிடத்தில் நின்றுவிட வேண்டியிருந்தது. “டாக்டர் வரட்டும்” என்று சொல்கிற இடம் அது. சொல்லிச் சொல்லி அந்த இரண்டு வார்த்தையும் அவளுக்குக் கசந்துபோயிற்று. வருகிற டாக்டர் ஏன் நானாக இருக்கக் கூடாது என்று ஒருநாள் நினைத்தாள். நினைத்த அன்றைக்கே மாடி ஏறி வந்து பெயர் கொடுத்துவிட்டாள்.

போன வருஷம் எழுதினாள். கொஞ்சத்தில் தவறிப்போயிற்று. இந்த வருஷம் விடுவதில்லை என்று இருந்தாள்.

அப்படி இருக்கிறபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு பெரிய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்து சேர்ந்தாள்.

“என்ன சிஸ்டர், ஊருக்கா?” என்றாள் மோனிஷா. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. வாய் சும்மா இருக்காது.

“ஹாஸ்டலுக்கு.”

“யாரைப் பார்க்க?”

“யாரையும் பார்க்க இல்லை. தங்கப் போறேன்.”

மோனிஷாவின் வாயே ஒரு நிமிஷம் மூடிக்கொண்டது. நவநீதன் போர்டில் எழுதுவதை நிறுத்தினான்.

“என்னக்கா ஆச்சு?”

“வீட்டில பரீட்சை எழுத வேண்டாம்னுட்டாங்க சார். வீட்டுக்காரரோட அம்மா சொன்னப்பெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்குக் காலையில அவரே சொல்லிட்டார். அவர் வாயிலிருந்து எப்ப வரும்னுதான் நானும் பார்த்துக்கிட்டு இருந்தேன். வந்துடுச்சு. வீடா, பரீட்சையான்னா எனக்குப் பரீட்சைதான். நர்ஸ் ஹாஸ்டல்ல கட்டிலுக்குச் சொல்லிட்டேன். இனிமே அந்த வீட்டுப் படி ஏறமாட்டேன்.”

“அண்ணன் வேற என்ன சொன்னார்?”

“வேற என்ன வேணும்? அதுக்கு மேல அங்க நின்னுக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்லை சார். போன வாரத்து மாதிரித் தேர்வுப் பேப்பரைக் குடுங்க.”

அவன் கொடுத்தான்.

அவள் பார்த்தாள். முகம் சிவந்தது. பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி முதலுக்கு வந்தாள்.

“சார், எனக்குத் தெரியாத கேள்வி இதுல ஒண்ணுகூடக் கிடையாது. ராத்திரி டியூட்டியில தூங்காமப் படிச்சது அத்தனையும் தலைக்குள்ள இருக்கு. அப்புறம் மார்க் எங்க போகுது?”

நவநீதன் பேப்பரை அவள் கையிலிருந்து வாங்கினான்.

“கேட்கட்டுமா?”

“கேளுங்க. எதை வேணும்னாலும் கேளுங்க.”

“பின்வருவனவற்றுள் எது நாளமில்லாச் சுரப்பி…”

“தைராய்டு!”

“…அல்ல” என்று அவன் முடித்தான்.

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெபமலர் திரும்பி முறைத்தாள்.

“அடுத்தது கேளுங்க.”

“பின்வருவனவற்றுள் எது கொழுப்பில் கரையும் வைட்டமின்…”

“வைட்டமின் ஏ!”

“…அல்ல.”

இந்தத் தடவை எல்லாருமே சிரித்துவிட்டார்கள்.

“சார், நீங்க வேணும்னே இழுக்கறீங்க. இப்படி ஜவ்வு மாதிரி இழுத்தா யாருக்குமே தப்பும்.”

“பேப்பர் இழுக்கலையேக்கா. அது அச்சடிச்சு வச்ச மாதிரி அப்படியேதான கிடக்குது?”

“சிஸ்டர், சிஸ்டர்!” என்று கத்தினாள் மோனிஷா. “கீழ டயர் கடையில தீப்பிடிச்சிருக்குன்னு…”

ஜெபமலர் எழுந்தே விட்டாள்.

“…யாரும் சொல்லலை.”

வகுப்பே உருண்டது. ஜெபமலருக்கும் சிரிப்பு வந்தது; ஆனால் அதைக் காட்ட மனம் வரவில்லை. பொத்தென்று உட்கார்ந்தாள்.

“போதும் மோனிஷா” என்றான் நவநீதன். பிறகு ஜெபமலரிடம், “இங்கிலீஷ் பேப்பர்ல ‘நாட்’ நடுவுலயே வந்து கொட்டை எழுத்துல நிக்கும். நம்ம பேப்பர்ல அப்படி இல்லை. கேள்வி முழுக்க ஒரு பக்கமாப் போய்க்கிட்டே இருக்கும். கடைசி வார்த்தையில திரும்பிடும்.”

“தெரியும் சார். அவசரத்துல விட்டுடறேன்.”

“எது அவசரம்?”

நேரம் போதாது என்று சொல்லலாம். ஆனால் எல்லாத் தேர்விலும் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளும் அவள்தான்.

நவநீதன் மேஜையில் கிடந்த அவளுடைய பேனாவை எடுத்து, மூடியை அழுத்தி மூடினான். டக்கென்று சத்தம் கேட்டது. புதுப் பேப்பர் ஒன்றோடு சேர்த்து அதை அவள் முன்னால் வைத்தான்.

“கேள்வியைப் படிங்க. கடைசி வார்த்தையை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்க. சொன்ன பிறகு மூடியைக் கழற்றலாம். விடையைக் குறிச்சதும் மறுபடி மூடிடணும்.”

“ஒவ்வொரு கேள்விக்குமா?”

“ஒவ்வொரு கேள்விக்கும்.”

“சார், நான் என்ன எல்கேஜியா?”

அவன் போர்டுப் பக்கம் திரும்பிவிட்டான்.

அன்றைக்கு அந்த மாடியில் ஒரு புது மந்திரம் கேட்டது. “எது… அல்ல… ஆகும்… தவறானது… அல்ல… எது…” நடுநடுவே டக், டக் என்று பேனா மூடி. ஜெபமலருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடுகிற வண்டிக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பிரேக் போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. விடை முன்னாலேயே வந்து நின்று கையைப் பிடித்து இழுக்கிறது. பேனாவோ மூடிக் கிடக்கிறது. பல்லைக் கடித்தாள். விடவில்லை. சொன்னதைச் செய்யாமல் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். “சிஸ்டர், நாளைக்கு லீவுன்னு…” என்று மோனிஷா வாசலில் நின்றாள்.

ஜெபமலர் நிமிரவில்லை. “சொல்லி முடி.”

“…சார் சொல்ல மறந்துட்டார்! நிஜமா லீவுதான சார்?” என்று சொல்லிவிட்டு அவளும் ஓடினாள்.

பேப்பரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெபமலருக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அவளுடைய புருஷன் ஆசீர். மில்லுக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன். வேனைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நிதானம். அவன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தானானால், கேட்கிறவர் நடுவிலே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அது அங்கேயேதான் இருக்கும்.

“வாங்கண்ணே, உட்காருங்க” என்றான் நவநீதன்.

“இருக்கட்டும் சார்.” அவன் உட்காரவில்லை. துணிப்பையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “மலரு… காலையில நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நீ பாட்டுக்குக் கிளம்பிட்டே. வேனை விட்டுட்டு ஹாஸ்டல் வரைக்கும் போய்த் தேடிட்டு வாரேன். நான் என்ன சொல்ல வந்தேன்னா… இந்தத் தடவை நீ பரீட்சை எழுத வேண்டாம்னு…”

“அதைத்தான் காலையிலேயே சொல்லியாச்சே!” ஜெபமலர் எழுந்துவிட்டாள். பையின் காது அவள் கையில் இருந்தது. “அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? நீங்க உங்க அம்மா பேச்சைக் கேட்டுக்கிட்டு நிம்மதியா இருங்க. நான் ஒண்ணும் சொல்லலை. ஆளை விடுங்க.”

ஆசீர் திறந்த வாயை மூடிக்கொண்டான். ஒரு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். ஏதோ அவன் மேலேயே தப்பு என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, வாசல் பக்கம் திரும்பினான்.

அப்போது டக்கென்று சத்தம் கேட்டது.

நவநீதன் அவள் பேனாவை மூடிக் கையில் வைத்திருந்தான். அவள் பாதியில் விட்ட பேப்பர் மேலே அதைக் குறுக்காக வைத்தான்.

ஜெபமலர் பேனாவையே பார்த்தாள். ஆசீர் முதல் படியில் கால் வைத்துவிட்டான்.

“இருங்க” என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “என்ன சொல்ல வந்தீங்களோ, அதை முழுசாச் சொல்லிட்டுப் போங்க.”

அவன் திரும்பினான். எங்கே விட்டான் என்று தேடுவது போல ஒரு கணம் நின்றான். அவனுக்கு முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும்.

“இந்தத் தடவை நீ பரீட்சை எழுத வேண்டாம்னு…”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“…அம்மா எத்தனை தடவை சொன்னாலும், நான் சொல்ல மாட்டேன்.”

கீழே யாரோ டயரை உருட்டிக்கொண்டு போனார்கள். ஜெபமலரின் கையிலிருந்து பையின் காது நழுவியது. பை தரையில் சாய்ந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

ஆசீர் கையை உயர்த்தினான். “இன்னும் இருக்கு.”

அவள் வாயை மூடினாள்.

“நேத்து அம்மாகிட்டயும் அதைத்தான் சொன்னேன். பெரிய சண்டை. அவ எழுதட்டும்னு சொல்லிட்டேன். நீ எழுதுவே, பாஸாவே. எனக்கு அதுல சந்தேகமே கிடையாது. இப்பம் நர்ஸா இருக்கும்போதே நான் பேசுதது உனக்குப் பாதிதான் கேக்குது. நாளைக்கு நீ டாக்டராயிட்டா… நான் ஒண்ணைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ நிப்பியா மலரு?”

“நான் எழுதத்தான் போறேன்” என்றாள் அவள்.

“எழுது. நான் கேட்டது அது இல்லை.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எங்கோ போய்த் தைத்தது. கோபம் என்றால் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

“கீழ வண்டிகிட்ட நிக்கேன்” என்றான் ஆசீர். “ஹாஸ்டலுன்னா ஹாஸ்டல்ல கொண்டு விடுதேன். வீடுன்னா வீடு. ரெண்டும் ஒரே ரோடுதான். வாரேன் சார்.”

அவன் இறங்கிப் போனான். படி ஒவ்வொன்றுக்கும் அவன் செருப்பு ஒரு தரம் சத்தம் போட்டது.

ஜெபமலர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று அவள் தலைக்குள்ளே விடைகள் முந்தியடித்துக்கொண்டு வந்தன. நிற்பேன் என்று ஒன்று. இதென்ன கேள்வி என்று ஒன்று. உங்களுக்காக எவ்வளவு நின்றிருக்கிறேன் என்று இன்னொன்று. எதையும் அவளால் குறிக்க முடியவில்லை.

நவநீதன் மின்விசிறியை நிறுத்தினான். சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டான்.

“சார்” என்றாள். “கேட்டீங்கல்ல? இதுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

காற்றடிக்கிற சத்தம் ஓயட்டும் என்று அவன் காத்திருந்தான்.

“அவர் கேட்டு முடிச்சுட்டார்க்கா. இனிமேதான் உங்க நேரம் ஆரம்பிக்குது.”

ஜெபமலர் எழுந்து, பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் எந்த விடையும் இல்லாமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.