தேரியில முங்கின கத்தரி

"அம்மா, ஒரு வாய்ச் சோறு உள்ள இறங்க மாட்டேங்குது."

"தண்ணி?"

"தண்ணி இறங்குது."

"காப்பி?"

"அதும் இறங்குது."

"அப்ப பாதை திறந்துதான் இருக்கு"ன்னுட்டு, செல்வக்கனி அம்மா மறுபடியும் மண்ணு சலிக்க ஆரம்பிச்சாங்க.

ஆதிலிங்க அண்ணாச்சிக்கு இது ஒரு பதிலாவே படலை. அறுபது வயசுல மெட்ராஸ்லருந்து பஸ் ஏறி, திருச்செந்தூர்ல இறங்கி, ஆட்டோக்காரன் "இதுக்கு மேல சக்கரம் புதையும் அண்ணாச்சி, நடங்க"ன்னு இறக்கிவிட்ட இடத்துலருந்து அடிக்கு ஒரு தரம் செருப்பைத் தோண்டி எடுத்து நடந்து வந்தவரு.

தேரின்னா, கடலுக்குப் பக்கத்துலயே கெடக்குற செம்மணல் பாலைவனம். மழை மேகம் அந்தப் பக்கம் வந்தாலும் வழி கேட்டுட்டுப் போயிரும். ஆடிக்காத்து அடிச்சா, காலையில இங்க இருந்த மேடு சாயங்காலம் அடுத்த ஊருல இருக்கும். அதுக்கு நடுவுல ஒரு ஓலைக் கொட்டகை போட்டு, பழைய பெயிண்ட் வாளியில கத்தரி, தக்காளி, மிளகாய்னு வளத்துக்கிட்டு இருந்தாங்க அம்மா. வயசு நாப்பது இருக்கும். தன்னை குருன்னு அவங்க சொன்னதே இல்லை. வந்தவங்க சொன்னாங்க. அம்மா மறுக்கலை. மறுக்குற நேரத்துல ரெண்டு வாளிக்குத் தண்ணி ஊத்தலாமே.

"வீட்டுல தவறிட்டாங்கம்மா. பங்குனியில"ன்னாரு அண்ணாச்சி.

சல்லடை நிக்கலை.

"அழுதீரா?"

"நானா?" அண்ணாச்சி நிமிந்து உக்காந்தாரு. "ஊரே அழுதுது. நான்தான் நின்னு எல்லாத்தையும் பாத்தேன். பந்தல், பாலு, பதினாறு, எதுலயும் ஒரு குறை கிடையாது. 'ஆதிலிங்கம் பாறை மாதிரி நின்னாருய்யா'ன்னு வியாபாரிகள் சங்கத் தலைவரே மைக்குல சொன்னாரு."

கடை வாசல்ல பிளக்ஸும் வச்சாங்க. தலைப்பு, கண்ணீர் அஞ்சலி. எழுத்து ஆளுயரம். கண்ணீர்தான் அண்ணாச்சி பக்கத்துலருந்து வரலை.

பொறவு தூக்கம் போச்சு. அது பின்னாலயே சோறும் போச்சு. டாக்டரு நெஞ்சு, வயிறு எல்லாத்தையும் படம் பிடிச்சுப் பாத்துட்டு "ஒண்ணும் இல்லை"ன்னுட்டாரு. சட்டை, ஆணியில மாட்டின மாதிரி உடம்புல தொங்குச்சு. "இப்படியே போனா அம்மா பின்னாலயே போயிருவீங்கப்பா"ன்னு மக சொன்ன அன்னைக்குத்தான் பஸ் ஏறினாரு.

"சரி. எங்கிட்ட என்ன வேணும்?"

"ஒரு மந்திரம் வேணும்மா. மனசு இன்னும் கொஞ்சம் கெட்டிப்படணும்."

அப்பத்தான் சல்லடை நின்னுச்சு.

"இன்னுமா?"

அண்ணாச்சி தலையை ஆட்டினாரு.

அம்மா எந்திரிச்சுப் போயி ஒரு கத்தரி நாத்தைப் பிடுங்கிட்டு வந்து அவரு உள்ளங்கையில வச்சாங்க.

"இதை ஒரு வாளியில வையும். பூக்கட்டும். பொறவு பேசுவோம்."

"பூக்க எத்தனை நாள் ஆகும்?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும்."

*

அங்க ஏற்கெனவே ஒரு சிஷ்யன் இருந்தான். பேரு தொம்மை. மணப்பாட்டுப் பக்கம். கடல்ல போயிக்கிட்டு இருந்தவன், ஒரு நாள் கடலே வேண்டாம்னு தேரிக்கு வந்துட்டான். தேரி ஓரத்துக் கிணத்துலருந்து பழைய டிவிஎஸ்ல கேன் கட்டித் தண்ணி கொண்டுவாறது அவன் வேலை. பாதி தூரம் வண்டி அவனைச் சுமக்கும். மீதி தூரம் அவன் வண்டியைச் சுமப்பான்.

"நல்லாப் பாத்துக்கிடும் அண்ணாச்சி"ன்னு ஆரம்பிச்சான் தொம்மை. "ரெண்டு வாளி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அடி வாளியில தண்ணி. மேல் வாளியில மண்ணும் செடியும். நடுவுல இந்தத் துணித்திரி. விளக்குத் திரி எண்ணெயைக் குடிக்கும்லா, அது மாதிரி இது தண்ணியைக் குடிச்சு வேருக்குக் குடுக்கும். மேல பால் கவரைத் தைச்சு மூடியாச்சு. வெயிலு ஒரு சொட்டைத் தொட முடியாது."

"தண்ணி எப்படி ஊத்த?"

"இந்தா, ஓரத்துல குழாய் நிக்குல்லா, இதுக்குள்ள. அடி வாளி நிறைஞ்சதும் பக்கத்துல இந்த ஓட்டை வழியா ஒழுகும். ஒழுகினா நிறுத்திரும். அம்புட்டுதான்."

"ஒழுகுமா?"

"ஒழுகும்."

"மண்ணுலயா?"

"பின்ன, மாடியிலயா?"

அண்ணாச்சி வரிசையைப் பாத்தாரு. காலையில தண்ணி ஊத்தின நேரம். ஒவ்வொரு வாளியும் தன் பங்குக்குச் சொட்டிக்கிட்டு நின்னுது. சொட்டு விழுந்த இடத்தை மணலு நக்கித் துடைச்சுக்கிட்டு இருந்துது. அண்ணாச்சி விழுந்த சொட்டையெல்லாம் எண்ணிக்கிட்டு நின்னாரு.

ஒழுகலுக்கு அவருக்கு மருந்து தெரியும். சவுக்காரம். துணி துவைக்குற கட்டிச் சவுக்காரத்தைக் கிள்ளி, எச்சி தொட்டு, ஓட்டையில அப்பி, கட்டைவிரலால ஒரு அழுத்து. அயனாவரத்துல அவரு மளிகைக்கடையில ஒழுகுற எண்ணெய் டின்னுன்னு ஒண்ணு கிடையாது. எண்ணெய் என்ன, அந்தக் கடையை விட்டு எதுவுமே சும்மா வெளிய போனதில்லை.

தொம்மை கேன் எடுக்கப் போன நேரம் பாத்து, அண்ணாச்சி தன் வாளிக்கு வைத்தியம் பண்ணினாரு.

ஊத்தினாரு. ஒரு சொட்டு வெளிய வரலை.

அன்னைக்கு ராத்திரியும் தூக்கம் வரலைதான். ஆனா திருப்தியாத் தூங்காம இருந்தாரு.

*

நாத்து முதல்ல நல்லாத்தான் நின்னுது. பொறவு அடி இலை மஞ்சளாச்சு. அடுத்து, தலை சாஞ்சுது.

"தாகம்"னு முடிவு பண்ணினாரு அண்ணாச்சி. ஊத்தினாரு.

இன்னும் சாஞ்சுது.

"பெரிய தாகம்." இன்னும் ஊத்தினாரு.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குமா? ஒழுகுச்சா, இல்லையா?"

"ஒழுகலை. இன்னும் கேக்குது தொம்மை."

"என் வாளியெல்லாம் ரெண்டு சொம்புல ஏப்பம் விடுது. உம்ம வாளிக்கு மட்டும் என்ன, கல்யாண வீட்டுப் பசி?"

"வாங்குற வாளியைப் பொறுத்தது"ன்னாரு அண்ணாச்சி.

அந்தப் பக்கமா வந்த அம்மா வாளியைப் பாத்தாங்க. அண்ணாச்சியைப் பாத்தாங்க. திரும்பவும் வாளியைப் பாத்தாங்க. போயிட்டாங்க.

நாத்து செத்துப்போச்சு.

அம்மா ஒண்ணும் கேக்காம இன்னொரு நாத்து குடுத்தாங்க.

"முதல் நாத்து ஏன் செத்துச்சுன்னு கேக்கலையேம்மா?"

"நீரு கேட்டீரா?"

ரெண்டாவது நாத்தை அண்ணாச்சி கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டாரு. ஓலையை முடைஞ்சு நிழல் கட்டினாரு. மணல் காத்துக்கு முதுகைக் குடுத்து உக்காந்தாரு. சோத்துக்குக் கூப்பிட்டா வந்து, நாலு பருக்கையைப் பிசைஞ்சு பிசைஞ்சு பாத்துட்டு எந்திரிச்சுருவாரு. காத்து பலமா அடிச்சா வாளியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. வாளி பறந்துரக் கூடாதுன்னுதான்னு சொல்லிக்கிட்டாரு. தொம்மைக்கு அதுல சந்தேகம் இருந்துது.

"யாரு யாரைப் பிடிச்சிருக்காங்கன்னே தெரியலையேம்மா"ன்னான்.

அம்மா சிரிக்கலை.

ரெண்டாவதும் மஞ்சளாச்சு. சாஞ்சுது. படுத்துட்டுது.

*

அன்னைக்கு அண்ணாச்சி வாளியை அப்படியே இடுப்புல தூக்கிட்டு வந்து அம்மா முன்னால டக்குனு வச்சாரு. வழியில ரெண்டு தரம் இறக்கி வச்சிருந்தாரு. வாளி கனமா, உடம்பு லேசா, ரெண்டுல எதுன்னு தெரியலை.

"உங்க மண்ணு கேடுகெட்ட மண்ணும்மா. வெயிலு கொன்னுபோட்டுது. நான் எதுலயும் ஒரு குறை வைக்கலை."

"பிடுங்கிப் பாரும்."

"செத்ததைப் பிடுங்கி என்னத்துக்கு?"

"பாரும்."

பிடுங்கினாரு. மண்ணு சளக்குன்னு ஒரு சத்தம் போட்டு விட்டுக்குடுத்துது. வேரு கறுத்துப் போயி, கூழா நாறிச்சு. அதுலருந்து தண்ணி சொட்டு சொட்டா அண்ணாச்சி கால்ல விழுந்துது.

தொம்மை மூக்கைப் பொத்திக்கிட்டு கிட்ட வந்தான்.

"யாத்தே! அண்ணாச்சி, நான் கடல்ல போனவன். முங்கிச் செத்தது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தேரியில ஒண்ணு முங்கிச் செத்ததை இன்னைக்குத்தான் பாக்கேன்!"

"வாயை மூடுவே."

தொம்மை வாயை மூடிக்கிட்டு விரலைத் திறந்தான். வாளியைச் சுத்தித் தடவிக்கிட்டே வந்த விரலு ஒரு இடத்துல வழுக்குச்சு. மோந்து பாத்தான்.

"இது என்னது?"

அண்ணாச்சி கால்ல ஒட்டின சேத்தை மணல்ல துடைச்சாரு.

"அண்ணாச்சி, வாளி எதுக்கு வாசம் அடிக்குது?"

"சவுக்காரம்."

"குளிப்பாட்டினீராக்கும்?"

"ஒழுகுச்சு. அடைச்சேன்."

"ஒழுகத்தான்வே ஓட்டை!" மரியாதை எல்லாம் காத்துல போச்சு தொம்மைக்கு. "அது வழியாப் போகலைன்னா தண்ணி எங்க போகும்? மேல ஏறும். வேரு அதுல நின்னு அழுகும். இலை வாடும். நீரு தாகம்னு சொல்லி இன்னும் ஊத்துவீரு!"

"வீணாப் போகுதுல்லா."

"சுமந்துட்டு வாறவன் நானு. எனக்கே வலிக்கலை. உமக்கு எங்க வலிச்சுது?"

அண்ணாச்சி நெஞ்சை நிமித்தினாரு.

"எனக்குப் பழக்கமில்லை தொம்மை. எதையும் ஒழுகவிட்டுப் பழக்கமில்லை."

சங்கத் தலைவரு மைக்குல சொன்ன அதே தோரணையிலதான் சொன்னாரு. ஆனா அங்க கைதட்ட ஆளில்லை. காத்துதான் ஒரு வீச்சு மணலை அள்ளிப் போட்டுட்டுப் போச்சு.

அம்மா பக்கத்து உடைமரத்துலருந்து ஒரு முள்ளை ஒடிச்சு அவருகிட்ட நீட்டினாங்க.

"எடும்."

அண்ணாச்சி குத்தவச்சு உக்காந்து முள்ளால நோண்டினாரு. சவுக்காரம் இறுகிப்போயி இருந்துது. அவரு அடைப்பு அப்படி. கொஞ்சம் கொஞ்சமாப் பேந்துது. கடைசித் துண்டு விழுந்ததும் தண்ணி வந்துது.

முதல்ல கறுப்பா வந்துது. நாத்தம் குடலைப் பிடுங்குச்சு. பொறவு செம்மண் நிறத்துல வந்துது. மூணு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. நிக்குற மாதிரி தெரியலை.

"இவ்வளவா இருந்துது?"ன்னாரு அண்ணாச்சி.

கடைசியில தெளிஞ்ச தண்ணி நூலா இறங்குச்சு. சொட்டாச்சு. நின்னுது.

அம்மா அவருக்கு எதுத்தாப்புல மணல்ல உக்காந்தாங்க.

"அவுக பேரு என்ன?"

"யாரு?"

"வீட்டுல."

அண்ணாச்சி வாயைத் திறந்தாரு. பேரு வரலை.

மறந்துபோகலை. சொல்லிப் பழக்கமில்லை. கட்டின நாள்லருந்து வீட்டுக்குள்ள "ஏளா." கடையில நின்னு பேசினா "வீட்டுல." மககிட்ட "உங்கம்மா." ஆஸ்பத்திரியில பேரு கேட்டப்ப மகதான் முந்திக்கிட்டுச் சொன்னா. பிளக்ஸுக்கு மருமகன் எழுதிக் குடுத்தாரு. அந்தப் பேரு அவரு நாக்கு மேல ஒரு தடவைகூட நின்னதில்லை.

"செண்பக..."ன்னாரு.

அம்மா காத்திருந்தாங்க.

"செண்பகவடிவு."

அவரு காதுக்கே அது புதுசா இருந்துது. இன்னொரு தடவை சொல்லிப் பாத்தாரு. பாதியில மூஞ்சி கோணுச்சு. தோளு ஒரு தடவை குலுங்குச்சு. பொறவு தோளு அவரு சொன்னதைக் கேக்கலை.

தொம்மைக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. "அண்ணாச்சி, அண்ணாச்சி... ஆம்பளை நீரு, இப்படியா..."ன்னு தோளைப் பிடிக்கப் போனான்.

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்தினாங்க.

"ஏல தொம்மை."

"என்னம்மா?"

"போயி உலையில ஒரு கை அரிசி கூடப் போடு."