செங்கொம்பனின் இடது கண்

குழந்தைகளே, மழை நின்ற பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு காட்டில், இருபத்தேழு காட்டுமாடுகள் மந்தையாக வாழ்ந்துவந்தன. அவற்றுக்குத் தலைவன் செங்கொம்பன். உடம்பு பாறை மாதிரி இருக்கும். குரலும் அப்படித்தான்.

அந்த மந்தையில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் சாயங்காலம் எல்லா மாடுகளும் நாவல் மரத்தடியில் கூடும். யாருடைய மூங்கில் குருத்தை யார் தின்றது, ஓடையில் யாரை யார் இடித்துத் தள்ளியது என்று பிராதுகள் வரும். செங்கொம்பன் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லும். தீர்ப்பு சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் தோற்ற மாடுகள், தலைவருக்கு நியாயம் தெரியும், இரக்கம்தான் கிடையாது என்று மேய்ந்தபடியே பேசிக்கொள்ளும். ஜெயித்த மாடுகளும் அதற்குத் தலையாட்டும்.

இந்தப் பேச்சு செங்கொம்பனின் காதிலும் விழுந்தது. அது வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஓர் ஈ வந்தது. சாணத்தில் பிறந்த சாதாரண ஈ. செங்கொம்பனின் இடது கண்ணோரம் உட்கார்ந்து, அங்கே ஊறும் ஈரத்தைக் கொஞ்சம் குடித்தது. குடித்த இடத்தில், தன் வாயில் இருந்த பொடிப் புழுக்கள் சிலவற்றை விட்டுவிட்டுப் போனது. தெரிந்து விட்டதா, தெரியாமல் விட்டதா என்று யாரும் அதைக் கேட்கவில்லை.

சில வாரங்களில் அந்தக் கண்ணில் நீர் வடியத் தொடங்கியது.

அன்று சாயங்காலம் ஒரு கிழப் பசு பிராது சொல்லிக்கொண்டிருந்தது. தான் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் வேறொரு மாடு படுத்துவிட்டது என்பதுதான் விஷயம். அது சொல்லி முடிப்பதற்குள் செங்கொம்பனின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு கீழே விழுந்தது.

மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்கூடத் தலைதூக்கிப் பார்த்தன.

"தலைவர் அழுகிறார்" என்றது கிழப் பசு.

எல்லாரையும்விட அதிகமாக ஆச்சரியப்பட்டது செங்கொம்பன்தான். எதற்காக அழுகிறோம் என்று அதற்கே தெரியவில்லை. கண்ணைத் துடைக்கலாம் என்று மரத்தில் முகத்தைத் தேய்க்கப் போனது. அப்போது காதோரம் ஈயின் குரல் கேட்டது.

"துடைத்துவிடாதீர்கள் தலைவரே. இதற்குப் பெயர் கருணை. எல்லார் கண்ணிலும் இது ஊறாது."

செங்கொம்பன் மரத்தை விட்டு நகர்ந்து நின்றுகொண்டது. கிழப் பசு ஜெயித்தது என்று தீர்ப்பும் சொன்னது.

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. யார் சொல்லும்போது தலைவரின் கண்ணில் நீர் வருகிறதோ, அவர் பக்கமே நியாயம். ஆனால் நீர் எப்போதும் வந்துகொண்டிருந்தது. பிராது கொடுத்த மாடும் ஜெயித்தது, பதில் சொன்ன மாடும் ஜெயித்தது. யாரும் தோற்காததால் பிராதுகள் பெருகின. தன் நிழலை இன்னொரு மாடு மிதித்தது என்று ஒரு கிடாரி பிராது கொடுத்தது. அதற்கும் கண்ணீர் வந்தது. மிதித்த மாட்டுக்கும் வந்தது.

நாளாக ஆக, செங்கொம்பனுக்கு வெயிலைப் பார்த்தால் கண் கூசியது. உலகத்தின் துன்பத்தைப் பார்க்கச் சகிக்காத கண் அப்படித்தான் கூசும் என்றது ஈ. கண்ணோரம் பீளை கட்டியது. கருணை கொஞ்சம் முற்றினால் அப்படி ஆகும் என்றது. சொல்லிக்கொண்டே குடித்தது.

செங்கொம்பனின் முதுகில் ஒரு கரிச்சான் குருவி சவாரி செய்வது வழக்கம். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது அதன் பிழைப்பு. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது அதன் சுபாவம். ஒருநாள் அது கொம்பின் மேல் தாவி உட்கார்ந்து, குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்தது.

"அண்ணா, உங்கள் கண்ணில் புழு இருக்கிறது. வெள்ளையாக, நூல் மாதிரி. ஒன்று இல்லை, நான்கைந்து நெளிகின்றன. அசையாமல் நின்றால் எடுத்துவிடுவேன்."

"அது புழு இல்லை. கருணை" என்றது செங்கொம்பன்.

"கருணை நெளியுமா அண்ணா?"

செங்கொம்பனுக்குக் கோபம் வந்தது. முதுகில் ஓசிச் சவாரி செய்கிறவன் கண்ணைப் பற்றிப் பேசுகிறானே என்று ஈ எடுத்துக்கொடுத்தது. இனிமேல் எந்த மாட்டின் முதுகிலும் எந்தக் குருவியும் உட்காரக் கூடாது என்று செங்கொம்பன் கட்டளை போட்டது. கரிச்சான் காட்டின் எல்லையில் இருந்த பட்ட மரத்துக்குப் போய்விட்டது.

குருவி போனதும் ஈக்கள் பெருகின. ஈக்கள் பெருகியதும் கருணையும் பெருகியது. தலைவரைப் போல அழ ஆசைப்பட்டு, மாடுகள் தாங்களாகவே ஈக்களுக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டு நின்றன. காதையும் வாலையும் ஆட்டி ஈ விரட்டுவது மரியாதைக் குறைவு என்று ஆனது. கண் உலர்ந்த மாடு என்று யாரையாவது சொன்னால் அது பெரிய வசவு.

அந்த மந்தையில் சுழிநெற்றி என்று ஒரு பசு இருந்தது. எதையும் இரண்டு தடவை முகர்ந்து பார்த்த பிறகே நம்பும். அதற்கு ஆறு மாதக் கன்று ஒன்று. கன்றின் இடது கண்ணில் நீர் வடியத் தொடங்கியபோது மந்தை முழுக்க வந்து பாராட்டியது. இந்த வயதிலேயே இவ்வளவு கருணையா என்றன கிழ மாடுகள். சுழிநெற்றிக்கும் மூன்று நாள் பெருமையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் கன்று ஒரு மரத்தில் போய் முட்டிக்கொண்டது. எழுந்து நின்று அம்மாவைக் கேட்டது.

"அம்மா, காடு ஏன் பாதியாகிவிட்டது?"

சுழிநெற்றி குனிந்து பார்த்தது. கன்றின் கண்ணில் பால் சிந்தியது போல ஒரு படலம் இருந்தது.

அன்று சாயங்காலமே கன்றை நாவல் மரத்தடிக்குக் கூட்டிவந்து, செங்கொம்பனுக்கு இடது பக்கம், ஓரடி தூரத்தில் நிறுத்தியது. என் கன்றுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று சொன்னது.

செங்கொம்பனின் கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது. மந்தை பெருமூச்சு விட்டது.

"நீ ஜெயித்துவிட்டாய். போகலாம்" என்றது செங்கொம்பன்.

"யாரை ஜெயித்தேன் தலைவரே?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"நீங்கள் அழ வேண்டும் என்று நான் வரவில்லை. என் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தேன். ஒரு தடவை அவனைப் பாருங்கள், போதும்" என்றது சுழிநெற்றி.

செங்கொம்பன் கன்றைத் தேடியது. இடது கண்ணில் வெள்ளைதான் தெரிந்தது. வலது கண் அந்திவெயிலில் கூசியது. கொஞ்சம் தள்ளி, கன்று உயரத்துக்கு ஏதோ நிற்பது தெரிந்தது. அதன் பக்கம் தலையைத் திருப்பி, தன்னால் முடிந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"பயப்படாதே கண்ணே. நான் இருக்கிறேன்."

அது ஒரு கறையான் புற்று.

பாதி மாடுகள் புற்றைப் பார்த்து உருக்கமாகத் தலையாட்டின. மீதி மாடுகளுக்குப் புற்றும் தெரியவில்லை.

"நான் இங்கே இருக்கிறேன்" என்றது கன்று, இடது பக்கத்திலிருந்து.

சுழிநெற்றி கன்றைத் தன் வயிற்றோடு அணைத்தபடி எல்லையை நோக்கி நடந்தது.

பட்ட மரத்தில் கரிச்சான் இருந்தது. சுழிநெற்றிக்கு வெட்கமாக இருந்தது. கரிச்சானை விரட்டியபோது அதுவும் மற்ற மாடுகளோடு சேர்ந்து தலையாட்டியிருந்தது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டது. கரிச்சான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துவிடலாம் அக்கா, ஆனால் என் அலகு கண்ணுக்குள் வரும்போது பிள்ளை இமைக்காமல் இருக்க வேண்டும் என்றது.

கன்றின் நான்கு கால்களும் நடுங்கின. கண்ணை மட்டும் அது மூடவில்லை. கரிச்சான் ஒவ்வொன்றாக மூன்று புழுக்களை உருவி எடுத்தது. தின்றும் பார்த்தது.

"ருசி சுமார்தான்" என்றது. பிறகு, "படலம் இப்போதுதான் விழுந்திருக்கிறது. சிறு பிள்ளை, தெளிந்துவிடும்" என்றது.

சுழிநெற்றி அழுதது. அந்தக் காட்டில் பல மாதங்களாக யாரும் நிஜமாக அழுததில்லை.

பத்து நாளில் கன்றுக்குக் காடு முழுசாகத் தெரிந்தது. அது மந்தைக்கு நடுவே துள்ளி ஓடியதைச் செங்கொம்பன் குளம்புச் சத்தத்தில் தெரிந்துகொண்டது. மறுநாள் உச்சிவெயிலில், தனியாகப் பட்ட மரத்தடிக்குப் போய் நின்றது. அசையாமல் நின்றது.

கரிச்சான் ஐந்து புழுக்களை எடுத்து ஒரு கல்லின் மேல் போட்டது.

"கண் திரும்ப வருமா?" என்று கேட்டது செங்கொம்பன்.

"புழு போய்விட்டது அண்ணா. அந்தக் கண்ணும் போய்விட்டது. முதலிலேயே நின்றிருந்தால் வந்திருக்கும்."

செங்கொம்பன் நல்ல கண்ணால் கல்லைப் பார்த்தது. கருணை அதன் மேல் நெளிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நாவல் மரத்தடியில் செங்கொம்பனின் கண் உலர்ந்திருந்தது. மந்தை முகம் சுளித்தது.

"நான் ஒருநாளும் உங்களுக்காக அழவில்லை. என் கண்ணில் புழு இருந்தது. அவ்வளவுதான்" என்றது செங்கொம்பன். "குருவியை நான்தான் விரட்டினேன். அது என் தப்பு. நாளைக் காலையில் எல்லாரும் பட்ட மரத்துக்குப் போய்க் கண்ணைக் காட்டுங்கள்."

இந்தத் தீர்ப்பு யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் எல்லா மாடுகளும் போயின. சிலவற்றுக்குப் பார்வை திரும்பியது. சிலவற்றுக்குத் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து ஈ வந்தது. அது மெலிந்திருந்தது.

"தலைவரே, உங்களைப் பழையபடி இரக்கம் இல்லாதவர் என்கிறார்கள். கேட்கவே மனசு ஆறவில்லை" என்றது.

"எனக்கும்தான்" என்றது செங்கொம்பன். "இடது கண்ணில் இருந்த கருணையெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. வலது கண் இன்னும் தொடாமல் அப்படியே இருக்கிறது. வருகிறாயா?"

பசியில் இருந்த ஈ யோசிக்கவில்லை. நேராக வலது கண்ணோரம் போய் உட்கார்ந்தது. வலது கொம்புக்குப் பின்னால் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. டப் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டது செங்கொம்பன்.

"இதுவும் சுமார்தான் அண்ணா."

பிறகு பிராது தொடங்கியது. மூங்கில் குருத்துத் தகராறு. செங்கொம்பன் இரண்டு பக்கமும் கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு அன்று ஒரு மாடு தோற்றது. இவருக்கு இரக்கமே கிடையாது என்று முணுமுணுத்தபடி அது மேயப் போனது.

அது செங்கொம்பனின் காதில் விழுந்தது. இந்தத் தடவை உறுத்தவில்லை.

நீதி: நம் நோயை நற்குணம் என்று புகழ்கிறவருக்கு, பெரும்பாலும் அந்த நோயில்தான் சாப்பாடு.