கரடியைப் பார்த்தது யார்?

அந்தக் காலத்தில் நாய்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. பேச்சுக்குக் குறைவில்லை, கேட்கிற பழக்கம்தான் அறவே கிடையாது.

அந்தக் கூட்டத்திலேயே தலைக்கனம் பிடித்தவன் செவலையன். "அடுத்தவன் மோந்த எடத்த நான் எதுக்கு விசாரிக்கணும்? எனக்குன்னு மூக்கு இல்லையா?" என்பான்.

ஒரு கோடையில் குட்டைகள் வற்றிப்போயின. அவன் மனைவி பொட்டுக்காரி அப்போதுதான் குட்டி போட்டிருந்தாள். தண்ணீர் இல்லாமல் பால் வற்றிவிட்டது. குட்டிகள் கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன.

செவலையன் நாக்குத் தள்ளக் கிழக்கே பாறைக்குட்டைக்கு ஓடினான். காய்ந்த சேறுதான் இருந்தது. திரும்பும் வழியில் பக்கத்துப் புதர்க் கட்டையன் படுத்திருந்தான்.

"அங்கயா போயிட்டு வர்றே? நான் நேத்தே பாத்துட்டேனே. சொட்டுத் தண்ணி இல்ல."

"அடப்பாவி! சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேட்டாத்தானே அண்ணே?"

செவலையனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பகல் முழுக்க வீண். பொட்டுக்காரியின் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒவ்வொரு நாயிடமும் போய்க் கேட்டான். வடக்குக் குட்டையும் வற்றிவிட்டது என்றான் ஒருவன். மேற்கே கல்லுக்குழியில் தண்ணீர் உண்டு, குடித்தால் வயிற்றைக் கலக்கும் என்றார்கள் இரண்டு பேர். தெற்கே மலைச்சுனையைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடினார்கள்: "அங்க கரடி இருக்கு."

"கரடிய நீ பாத்தியா?" என்று கட்டையனிடம் கேட்டான்.

"நான் எங்க பாத்தேன்? சுருட்டைவாலன் சொன்னான்."

சுருட்டைவாலனைக் கேட்டால், "மூக்காயி சொன்னா" என்றான். மூக்காயியோ, "நம்ம கட்டையன்தான் சொன்னான். அவன் பொய்யா சொல்லப்போறான்?" என்றாள்.

செவலையனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் அங்கே யாருமே போனதில்லை! துணிந்து தெற்கே கிளம்பிப் போனான். சுனை நிறையத் தண்ணீர். கரடிக்குப் பதில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

வயிறு முட்டக் குடித்தவனுக்கு அப்புறம்தான் கவலை பிடித்தது. குட்டிகளுக்குக் காவலாக அவன் இருந்தாக வேண்டும். தலைசுற்றிக் கிடக்கும் பொட்டுக்காரி தனியாக வர வேண்டும். வாயால் வழி சொன்னால் பாதியில் மறந்துவிடுவாள். இல்லாவிட்டால் யாராவது நடுவில் இன்னொரு கரடியைப் புகுத்திவிடுவார்கள்.

ஆகவே பாதை பிரிகிற இடத்திலெல்லாம் காலைத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டே திரும்பினான்: 'இந்தப் பக்கம் வா. நானே பார்த்தேன். கரடி இல்லை.'

பொட்டுக்காரி அதை மோந்து மோந்து, தள்ளாடியபடியே சுனைக்குப் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்தன. பின்னாலேயே போன கட்டையன், 'உண்மைதான். பாறை வழுக்கும், பார்த்து இறங்கவும்' என்று தானும் கொஞ்சம் சேர்த்து எழுதினான்.

அன்று முதல்தான், நாம் சங்கிலியை எவ்வளவு இழுத்தாலும், எந்த நாயும் கம்பத்தடியில் நின்று, முன்னால் வந்தவர்கள் எழுதியதை ஒன்றுவிடாமல் மோந்து படித்த பிறகே, தன் பங்குக்கு இரண்டு சொட்டு எழுதிவிட்டு நகர்கிறது.