விரலிடுக்கில் குடியிருந்தவள்

அந்தக் காலத்துல, உடம்புக்குள்ள இருக்கிற செல்லுங்க வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்த காலத்துல, மனுஷக் குழந்தைக்கு விரலே கிடையாது. சத்தியமா! கைன்னா தோசைத்திருப்பி மாதிரி ஒரே தட்டை.

அப்படி ஒரு கை, ஒரு அம்மா வயித்துக்குள்ள வளந்துக்கிட்டிருந்துச்சு. அதுல ஓரத்தான்னு ஒரு செல்லு. ஒட்டினாப்புல பக்கத்து வீடு சவ்வாயி. ஒரே செல்லு ரெண்டா பிரிஞ்சு பொறந்ததுங்க ரெண்டும். அதனால தெனமும் ஒரே சண்டை.

"அக்கான்னு கூப்பிடுடா."

"ஒரே நேரத்துலதான பிரிஞ்சோம்? என்னத்துக்கு அக்கா?"

"என் பக்கம் கொஞ்சம் பெருசா பிரிஞ்சுது."

"ஆமா, வாய்ப் பக்கம்."

எவ்ளோ சண்டை போட்டாலும் ஒரு வழக்கத்த மட்டும் விடமாட்டாங்க. செல்லுங்க ஊர்ல, பக்கத்து வீட்டுச் சுவத்தத் தட்டி "இரு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். அந்த ஒரு சொல்லுதான் தெம்பு. யாருமே "இரு"ன்னு சொல்லாத செல்லு பொழைக்காது.

சாவுன்னா அப்பல்லாம் ஒரே வகைதான். வீங்கி, புடைச்சு, டமார்! உள்ள பூட்டி வெச்ச அமிலமெல்லாம் அக்கம்பக்கத்து மேல கொட்டும். தெருவே வெந்துபோகும். சத்தம் கேட்டதும் தின்னி வருவான். குப்பைய விழுங்கிச் சுத்தம் பண்றதுதான் அவன் வேல. ஆனா தன் ஆளுங்களோட கும்பலா ஓடி வந்து, நல்லா இருக்கிற வீட்டையும் சேத்து இடிச்சுட்டுப் போவான். மணிக்கட்டுப் பக்கம் ஒருத்தன் அப்படி வெடிச்சு, தெரு முழுக்கத் தழும்பாக் கெடக்குறத ஓரத்தான் கண்ணால பாத்திருக்கான்.

ஒரு நாள் சேதி வந்துச்சு. "இந்தப் பிள்ள வெளிய வந்து அம்மா சேலையப் புடிக்கணும். சோத்தப் பிசையணும். விரல் பிரியட்டும். நடுவுல இருக்கிறவங்க வழி விடுங்க."

நடுவுல இருந்தது யாரு? சவ்வாயியும் அவ தெருக்காரங்களுந்தான். வழி விடுறதுன்னா சாகுறதுதான்.

ஓரத்தானுக்கு உசுரே போன மாதிரி ஆச்சு. "போகாத! நீ வெடிச்சா நான் வெந்துடுவேன்."

"அதான் உன் கவலையா?"

"அது பாதி."

"மீதி?"

ஓரத்தான் சுவத்தப் படபடன்னு தட்டுனான். "இரு, இரு, இரு!"

"ஊருக்குப் போறவ வீட்டப் போட்டது போட்டபடியாடா விட்டுட்டுப் போவா?"ன்னு சிரிச்சா சவ்வாயி. சிரிச்சுக்கிட்டே வேலைய ஆரம்பிச்சா.

மொதல்ல அமிலப் பானைய இறுக்கி மூடுனா. குலவழியா வந்த டி.என்.ஏ.ங்கிற நீள நூலு இருக்கே, அத நறுக் நறுக்குன்னு வெட்டிச் சுருட்டுனா. அப்புறம்தான் அதிசயம். அவ வீங்கவே இல்ல, சுருங்குனா! தன் சுவத்தையே கிழிச்சுத் துணியாக்கி, வீட்டுச் சாமானயெல்லாம் சின்னச் சின்ன மூட்டையாக் கட்டுனா. ஒரு சொட்டு வெளிய சிந்தல. கடைசியா, உள்சுவத்துல மட்டும் பூசி வெச்சிருக்கிற ஒரு கொழுப்பு, யாருமே வெளிய காட்டாதது, அத வாசல் பக்கம் தெரியிற மாதிரி திருப்பி வெச்சா. பந்திக்கு இலை போட்ட மாதிரி.

"இது யாருக்கு?"

"தின்னிக்கு. கூப்பாடு போட்டாத்தான் வருவானா அந்தாளு? இலையப் பாத்து வரட்டும்." வாசல ஒரு தரம் பாத்துக்கிட்டா. "எல்லாம் ஆச்சுடா. இப்ப நீ 'இரு'ன்னு சொல்றது ஒண்ணுதான் என்னப் புடிச்சு வெச்சிருக்கு."

"இரு"ன்னு சொன்னா அவ இருப்பா. ஆனா கை தோசைத்திருப்பியாவே நிக்கும், பிள்ள எதையும் புடிக்காது. ஓரத்தான் சுவத்துலேர்ந்து கைய எடுத்தான். "போ"ன்னு மட்டும் வாயில வரல. கெளம்புறவங்கள யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?

"போயிட்டு வா, அக்கா."

"ஆங்! இப்பவாச்சும் வந்துச்சே!"ன்னா. அவ்வளவுதான். பூ உதிர்ற மாதிரி மூட்டை மூட்டையா உதிந்துட்டா.

தின்னி வந்தான். கும்பல் இல்ல, சத்தம் இல்ல. ஒவ்வொரு மூட்டையா எடுத்துச் சாப்பிட்டான். "ஒண்ணுமில்ல, எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாருங்க"ன்னு தெருவுக்குச் சொல்லிட்டுப் போயிட்டான். ஓரத்தான் மேல ஒரு கொப்புளம்கூட இல்ல.

அப்புறம் ஊருக்குள்ள ஒரே வாக்குவாதம். "சத்தமே கேக்கலயே, இது சாவுல சேருமா?" "ஒருவேள குடிமாறிட்டாளோ?"

ஓரத்தான் எந்திரிச்சான். "சுவரு உடைஞ்சாலும் சாவுதான். துண்டு துண்டாப் பிரிஞ்சாலும் சாவுதான். தின்னி வயித்துக்குள்ள போயிட்டாலும் சாவுதான். ஆனா தெருவ எரிச்சுட்டுப் போறதையும், தெருவக் காப்பாத்திட்டுப் போறதையும் ஒரே பேர்ல கூப்பிட்டீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டேன். அது வெடிப்பு. எங்கக்கா போனது உதிர்வு."

ஊரு ஒத்துக்கிச்சு. அவ தெருக்காரங்களும் அவ காட்டுன மாதிரியே மூட்டை கட்டிக் கெளம்புனாங்க. வாத்துக் காலுக்கும் இதே சேதி போச்சாம். அங்க இருந்த தம்பிங்களுக்கு மனசு வரல, இன்னும் "இரு இரு"ன்னே தட்டிக்கிட்டிருக்காங்க. அதான் வாத்து விரலுக்கு நடுவுல சவ்வு அப்படியே இருக்கு. பரவால்ல, அத வெச்சு வாத்துங்க ஜோரா நீந்துதுங்க!

பிள்ள பொறந்துச்சு. கை விரிஞ்சுது. விரலுக்கு நடுவுல மொத மொதலா காத்து ஓடுச்சு. சவ்வாயி வீடு இருந்த எடம் காலியாக் கெடக்குறத ஓரத்தான் பாத்துக்கிட்டே இருந்தான். அந்த எடத்துல, மெதுவா, அம்மாவோட விரல் வந்து உக்காந்துச்சு. பிள்ள கெட்டியாப் புடிச்சுக்கிச்சு.

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் ரெண்டும்: ஒரு செல்லு செத்துப்போச்சுன்னா ஆராய்ச்சிக்காரங்க "வெடிச்சுதா, உதிந்துச்சா"ன்னு கேக்குறதும், நம்ம விரலுக்கு நடுவுல இன்னொருத்தர் விரல் கோத்துக்க ஒரு எடம் இருக்கிறதும்.