பூட்டிய வீட்டுக்குள் எரிந்த விளக்கு

“எல்லாத்தையும் விட்டுட்டேன்மா. இன்னும் ஏன் எனக்குக் காவி குடுக்க மாட்டேங்கிறீங்க?”

கூடலிங்கம் இதைக் கேட்பது முதல் தடவை இல்லை. வாய் ஓயாமல் கேட்பார். ஆள் மடத்தை நடத்தும் காமுத்தாயம்மாவை விட எவ்வளவோ மூத்தவர். மடத்துக்குச் சிஷ்யனாக வந்த பிறகும் அந்த அதட்டல் குரல் மட்டும் இறங்கவே இல்லை.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்னத்த விட்டீங்கய்யா?”

“வீட்டை விட்டேன்.”

“யாருக்கு விட்டீங்க?”

“யாருக்கும் இல்ல. பூட்டிட்டு வந்தேன்.”

“தம்பி ஒருத்தரு இருக்காருன்னீங்களே?”

“அந்தப் பய பேச்சை எடுக்காதீங்கம்மா. பாகத் தகராறு. அவன் ஒரு பூட்டுப் போட்டான், நான் ஒரு பூட்டுப் போட்டேன். ஒருத்தன் இல்லாம ஒருத்தன் திறக்க முடியாது. அப்படியே கெடக்கு.”

“இப்ப யாரு இருக்கா அங்க?”

“யாரு இருப்பா? காடு மண்டிப் போச்சாம். உள்ள ஏதோ நடமாடுதுன்னு ஊரே பயப்படுதாம்.”

கீரைக்கட்டு கை நழுவிக் கீழே விழுந்தது. அம்மாவின் கண்ணைப் பார்க்க வேண்டுமே! பொருட்காட்சிக்குக் கூப்பிட்ட பிள்ளை மாதிரி விரிந்தது.

“அடப்பாவி மனுசா, இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல? கெளம்புங்க!”

“எங்கம்மா?”

“பேய் வீட்டுக்கு!”

காவி கேட்டவருக்கு பஸ் டிக்கெட்தான் கிடைத்தது.

*

ஊர் எல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி வழி மறித்தாள்.

“அந்த வீட்டுக்குள்ளயா போறீங்க? வேணாம் தாயி. அமாவாசையானா உள்ள வெளிச்சம் தெரியுது. இன்னைக்கு அமாவாசை வேற. போன மாசம் என் ஆடு உள்ள போயிட்டு அரண்டு ஓடியாந்துச்சு.”

“ஆடு என்னத்தப் பாத்துச்சாம்?” அம்மாவுக்கு ஆவல் தாங்கவில்லை.

“ஆடு எங்கிட்டச் சொல்லுமா தாயி?”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நடையை எட்டிப் போட்டார். கூடலிங்கம் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

*

வெளியிலிருந்து பார்த்தால் அது வீடென்றே தெரியவில்லை. கோவைக்கொடி கூரை வரைக்கும் ஏறி, பழுத்துச் சிவந்து தொங்கியது. ஓட்டுச் சந்திலெல்லாம் புல். வாசலில் எருக்கஞ்செடி நெஞ்சு உயரம்.

கதவு மட்டும் அப்படியே நின்றது. அதில் இரண்டு பூட்டு, இரண்டும் துருப்பிடித்து.

கதவுக்குப் பக்கத்துச் சுவரை அரசமரம் பிளந்திருந்தது. ஒரு மாடே உள்ளே போகலாம், அவ்வளவு பெரிய ஓட்டை.

கூடலிங்கம் ஓட்டையைப் பார்க்கவே இல்லை. இடுப்பில் கையை விட்டு, அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த சாவியை எடுத்தார்.

அம்மா சாவியைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

கூடலிங்கத்துக்குக் காது சுட்டது. “சும்மா... பழக்கத்துல கெடக்குது” என்று முனகினார்.

சாவி திரும்பவில்லை. திருகினார், குத்தினார், பூட்டைத் திட்டினார்.

“ஐயா, இப்படி வாங்க!” குரல் சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது. அம்மா எப்போதோ உள்ளே போயாகிவிட்டது.

“ஓட்டை வழியா நுழைய நான் என்ன திருடனா? எங்க வீட்டுக்குள்ள நான் வாசல் வழியாத்தான் வருவேன்.”

“சரி, நின்னு திருப்பிக்கிட்டே இருங்க. நான் போயிப் பேயைப் பாத்துட்டு வந்துர்றேன்.”

கூடலிங்கம் எவ்வளவு நேரம்தான் வீம்பு பிடிப்பார்? வேட்டியை மடித்துக் கட்டி ஓட்டைக்குள் தலையைக் கொடுத்தார். வேட்டி முள்ளில் மாட்டி டர்ரென்று கிழிந்தது.

*

உள்ளே ஜில்லென்று இருந்தது. வெயில் இலைக்குள் நுழைந்து பச்சையாக விழுந்தது. பூமியே தெரியாமல் சருகு. மேலே உத்தரம் முழுக்க வௌவால்.

“ஐயா, தேன்கூடு! எத்தாம்பெரிசு பாருங்க!”

அடுப்படிக் கூரையில் தொங்கியது. ஈக்களின் ரீங்காரத்தில் சுவரே அதிர்ந்தது.

“உடும்பு! உடும்பு! அந்தா ஓடுது!”

“எங்கம்மா?”

“உங்க காலுக்கிட்டத்தான்யா!”

கூடலிங்கம் குதித்த குதியில் வயசு போன இடம் தெரியவில்லை. அப்புறம் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“அம்மா, இங்க வாங்க, இங்க வாங்க! எங்காத்தா உரலு! அட கொடுமையே, மரம் தூக்கிருச்சே!”

முற்றத்தில் முளைத்த அத்திமரம் உரலை வேரால் கவ்வி முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தது. உரலுக்குள் மழைத்தண்ணீர். அதில் ஒரு தவளை. இரண்டு பேரும் உட்கார்ந்து தவளையைப் பார்த்தார்கள். கூடலிங்கம் சிரிப்பதை அம்மா அன்றைக்குத்தான் பார்த்தார்.

அப்போது உள்ளறையில் ஏதோ உருண்டது.

சிரிப்பு நின்றது.

“எலியா இருக்கும்” என்றார் கூடலிங்கம்.

“எலி வெளக்கு ஏத்துமா?” அம்மா கிசுகிசுத்தார்.

உள்ளறை இருட்டில், சுவரிலிருந்த மாடக்குழிக்குள், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றில்லை. மூன்று அகல். திரி புதுசு, எண்ணெய் நிறைய இருந்தது.

கூடலிங்கத்துக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படியே தரையைப் பார்த்தார். சருகை யாரோ கூட்டித் தள்ளியிருந்தார்கள். பெருக்கின தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு மங்கலாகத் தெரிந்தது. பாகம் பிரித்த அன்றைக்குக் கயிறு பிடித்துப் போட்ட கோடு. இந்தப் பக்கம் அண்ணனுக்கு, அந்தப் பக்கம் தம்பிக்கு.

விளக்கு எரிந்தது இந்தப் பக்கம்.

பயம் போன இடம் தெரியவில்லை. கோபம் வந்தது பாருங்கள்!

“எவன்டா அவன்? எவன்டா என் பாகத்துல கால வச்சவன்?”

வௌவால் மொத்தமும் சடசடவென்று கிளம்பியது. அறை மூலையிலிருந்து, “ஐயோ, முனி!” என்று ஓர் அலறல் கேட்டது. எண்ணெய் பாட்டிலோடு ஓர் ஆள் வெளியே பாய்ந்தார். தலையெல்லாம் ஒட்டடை.

“ராசாங்கம்?”

வந்தவர் முதலில் குனிந்து கூடலிங்கத்தின் காலைப் பார்த்தார். கால் தரையில் பாவியிருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தார். பாவியிருந்தது.

“அண்ணே...”

ராசாங்கம் பொங்கி அழுதுவிட்டார்.

“அழுகைய நிறுத்துடா. எதுக்குக் கோட்டைத் தாண்டி வந்த?”

“கொல்லைச் சொவரு விழுந்து கெடக்கு, அந்த வழியா வந்தேன். மாடக்குழி உன் பாகத்துல விழுந்துருச்சு. ஆத்தா அங்கதான வெளக்கு வைக்கும்? நான் வேற எங்கண்ணே போயி ஏத்துறது?”

“இது யாருக்கு?”

“அப்பாவுக்கு.”

“இது?”

“ஆத்தாவுக்கு.”

“மூணாவது?”

ராசாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“யாருக்குடா, சொல்லித் தொலை.”

“நீ காவி கட்டப் போயிட்டேன்னு ஊர்ல சொன்னாக. காவி கட்டிட்டா குடும்பத்துக்குச் செத்த மாதிரியாம்ல. அதான்ணே... அவுககூட உனக்கும் ஒண்ணு.”

கூடலிங்கம் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். ஒட்டடைக்குள் தம்பிக்குத் தலை மொத்தமும் நரைத்திருந்தது. அது இப்போதுதான் கண்ணில் பட்டது.

அம்மா தன் தோளில் போர்த்தியிருந்த காவிச் சால்வையை எடுத்தார். ஒழுங்காக மடித்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

“கேட்டீங்களேய்யா. சடங்கெல்லாம் தம்பியே முடிச்சுட்டாரு. இந்தாங்க.”

கூடலிங்கத்தின் கை தானாக முன்னால் போனது. எத்தனை நாள் ஆசை அது! துணிக்குப் பக்கத்தில் வந்து கை நின்றது. தம்பியைப் பார்த்தார். மாடக்குழியைப் பார்த்தார்.

சட்டென்று குனிந்தார். மூன்றாவது அகலை ஃபூவென்று வாயால் ஊதி அணைத்தார்.

ராசாங்கம் பதறிப்போனார். “அண்ணே! என்ன காரியம் பண்ற? வெளக்கப் போயி வாயால ஊதுவாகளா?”

“செத்தவன் ஊதுவானாடா?” என்றார் அண்ணன்.